வீக்கம் நீக்கிய சராசரி

ஸ்தனிஸ்லாஸ் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தன் பொருளைத் தான் விற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். கேட்ட இடம்தான் சரியில்லை.

திண்டுக்கல்லில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அவர் வேதியியல் ஆய்வக உதவியாளர். இருபத்தெட்டு வருடமாகக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கிப் பழகியவர் என்பதால் எதையும் தட்டிவிடாமல், யாரையும் இடித்துவிடாமல் நடப்பார். பேச்சும் அப்படித்தான். 1994-இல் பள்ளி ஊழியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தங்கள் ‘நித்திய உதவி ஊழியர் சிக்கன முதலீட்டுச் சங்கம்’ மூலமாகத் தென்சுடர் எரிசக்தி என்ற எண்ணெய்க் கம்பெனியின் பங்குகளை வாங்கினார்கள். ஒன்று பத்து ரூபாய் வீதம் ஸ்தனிஸ்லாஸ் ஐந்நூறு வாங்கினார். பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாம் சங்கத்தின் பெயரிலேயே வைக்கப்பட்டன. பத்திரமாகத்தான் இருந்தன. தன்னிடமிருந்தும் பத்திரமாக இருக்கின்றன என்பது அவருக்குப் பதினான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2008 ஜனவரியில் அவர் மனைவி ரோஸ்மேரியின் இடது முட்டி இனி முடியாது என்று சொல்லிவிட்டது. பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிவந்த முட்டி அது. கோயிலில் முழங்கால் போடுவதை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்தாள். மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகும், சலுகை போக அறுபதாயிரம் ரூபாய், கிறிஸ்துமஸுக்கு மேல் தள்ளிப்போட்டால் பாரம் தாங்கித் தாங்கி வலது முட்டியும் கெட்டுவிடும் என்று டாக்டர் திட்டவட்டமாகச் சொன்னார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அறுபதாயிரமும் இல்லை, அடகு வைக்க நகையும் இல்லை.

இருந்தது அந்த ஐந்நூறு பங்கு மட்டும்தான். பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த ஜமால் முகமது, தோல் வியாபாரம் படுத்த பிறகு மண்டியின் முன்பாதியில் கம்ப்யூட்டர் போட்டுப் பங்கு வாங்கி விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் அவரிடம் போய் விலை கேட்டார்.

“அண்ணே, இன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு. உங்க ஐநூறுக்கு ரெண்டு லட்சத்து ஆறாயிரம். சங்கத்துல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, செத்த நேரத்துல முடிச்சிருவோம்” என்றார் ஜமால்.

அந்தச் செத்த நேரம் பத்து மாதம் ஆனது.

சங்கம் நாகல் நகரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. வாசலில் ‘பங்கு மதிப்பீட்டுக் குழு’ என்று ஒரு பலகை. திண்டுக்கல் கிறிஸ்தவர்களுக்குப் பங்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோயில். பங்குச் சாமியார், பங்குத் திருவிழா. பலகை மாட்டிய வாரமே ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து நான்கு பேர் வந்து, தங்கள் ஊரைத் தனிப் பங்காகப் பிரித்துக் கொடுக்க என்ன மதிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். செயலாளர் பிராங்கிளின் அவர்களுக்கும் ஒரு படிவம் கொடுத்து நிரப்பி வாங்கி வைத்துக்கொண்டார். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

குழுவின் தலைவர் கிளெமென்ட். பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் முன்னுரையும் முதல் இரண்டு அத்தியாயமும் படித்திருந்தார். அதில் சொல்லியிருந்தது நியாயமான சங்கதிதான். ஒரு கம்பெனியின் ஒரு வருட லாபத்தைப் பார்த்து விலை சொல்லக் கூடாது. எண்ணெய்க் கம்பெனிக்குச் சொல்லவே கூடாது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் லாபம் கொட்டும், இறங்கினால் வற்றிவிடும். அதனால் பத்து வருட லாபத்தை எடுத்து, பழைய ரூபாய் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி திருத்தி, சராசரி கண்டு, அதில் ஒரு பங்குக்கு வருவதைப் பதினைந்தால் பெருக்கினால் பங்கின் உண்மை மதிப்பு வரும். நல்ல யோசனை. நல்ல யோசனைக்குத் துணைவிதி எழுதினால் அது என்ன பாடுபடும் என்பதைத்தான் நித்திய உதவிச் சங்கம் செய்து காட்டியது.

துணைவிதி பதினான்கு சொல்வது இது: உறுப்பினர் பங்கை உண்மை மதிப்புக்கு ஐந்து ரூபாய்க்கு மேலேயும் விற்கக் கூடாது, கீழேயும் விற்கக் கூடாது. மேலே விற்றால் வாங்குகிறவனை ஏமாற்றுகிறோம். கீழே விற்றால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். இரண்டும் பாவம் என்று அடிக்குறிப்பு வேறு போட்டிருந்தார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் விண்ணப்பத்தை நீட்டி, மனைவியின் முட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கிளெமென்ட் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“முட்டி என்பது இன்றைய பிரச்சினை, ஸ்தனிஸ்லாஸ். நாம் பார்ப்பது நீண்ட காலம். குஜிலியம்பாறையை எடுத்துக்கொள்ளும். ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், மூன்று வருடம் காயும். அங்குள்ள விவசாயி ஒரு வருட மழையைப் பார்த்தா விதைக்கிறான்? பத்து வருடச் சராசரியை எடுத்துப் பார்த்தால் ஆண்டுதோறும் அளவான, இதமான மழை. எண்ணெய்க் கம்பெனியும் அப்படியே.”

சங்கத்துக் கடைநிலை ஊழியர் பொம்மையன் குஜிலியம்பாறைக்காரர். தண்ணீர் டம்ளரை வைக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயா, எங்கூர்ல நான் பாக்க கொட்டவும் கொட்டியிருக்கு, காயவும் காஞ்சிருக்கு. இந்தச் சராசரி மழைதான் ஒருநாளும் பெஞ்சதில்லைங்க” என்றார்.

அவருடைய கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது என்று கிளெமென்ட் சொன்னார். பிராங்கிளின் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

மதிப்புப் போட இரண்டு ஆவணம் தேவைப்பட்டது. ஒன்று, தென்சுடரின் பத்து வருட ஆண்டறிக்கைகள். அவை சங்கத்து பீரோவிலேயே இருந்தன; ஆனால் உறுப்பினர்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் பிராங்கிளின் அவற்றை எடுத்து ஸ்தனிஸ்லாஸிடம் கொடுத்தார், ஸ்தனிஸ்லாஸ் திருப்பி பிராங்கிளினிடம் கொடுத்தார், அதற்கு ஒரு ரசீதும் வாங்கிக்கொண்டார். இரண்டாவது ஆவணத்தில்தான் வினை பிடித்தது. ‘தகுதி வாய்ந்த அலுவலரிடம் வீக்கச் சான்று பெற்று, வீக்கம் நீக்கிய சராசரி காண வேண்டும்’ என்று துணைவிதி சொன்னது. பணவீக்கம் என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். தட்டச்சு செய்தபோது வரியின் ஓரத்தில் இடம் போதாமல் ‘பண’ விழுந்துவிட்டது. அப்படியே அச்சாகி, பதிவும் ஆகிவிட்டது.

அது பணவீக்கம்தானே சார் என்று ஸ்தனிஸ்லாஸ் பணிவாகக் கேட்டார். தமக்கும் அது தெரியும் என்றார் கிளெமென்ட். ஆனால் விதியில் பணம் இல்லை. விதியில் பணத்தைச் சேர்க்க மகாசபை கூட வேண்டும். மகாசபை கூட முந்தைய மகாசபையின் அறிக்கை தயாராக வேண்டும். அதுவரை வீக்கம் என்றால் வீக்கம்தான்.

ஸ்தனிஸ்லாஸ் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் வீக்கச் சான்று கேட்டார். புள்ளியியல் பிரிவில் இருந்தவர், வீக்கமெல்லாம் டெல்லியில்தான் கணக்கெடுப்பார்கள், இங்கே கோழி, ஆடு, கிணறு மட்டும்தான் என்றார். தாலுகா ஆபீஸில் வருமானச் சான்று இருக்கிறது, வாரிசுச் சான்று இருக்கிறது, வேண்டுமா என்றார்கள். ஒரு மாதம் அலைந்து, செருப்புத் தேய்ந்து, பிராங்கிளினிடமே வந்து, வீக்கத்துக்குச் சான்று கொடுக்கத் தகுதி வாய்ந்த அலுவலர் யார்தான் சார் என்று கேட்டார். பிராங்கிளின் மூன்று நிமிடம் யோசித்தார்.

“அரசு டாக்டர்தான்” என்றார்.

இதில் கிண்டல் ஏதும் இருக்கிறதா என்று ஸ்தனிஸ்லாஸ் அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை. எப்படியும் ரோஸ்மேரியை மாத்திரைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், கையோடு அதையும் கேட்டுவிட்டார். டாக்டர் அமலராணி இரண்டு முட்டியையும் டேப் வைத்து அளந்தார். வலது முப்பத்தெட்டு சென்டிமீட்டர், இடது நாற்பத்து நான்கு. ‘வீக்கம் ஆறு. பத்து ஆண்டுகளாகப் படிப்படியாக ஏறிவந்துள்ளது. உடனடிக் கவனம் தேவை’ என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

ரேஷன் கடையில் கார்டை மாற்றி நீட்டிவிட்டவர் மாதிரி பயந்துகொண்டேதான் ஸ்தனிஸ்லாஸ் அந்தச் சான்றைக் குழுவின் முன் வைத்தார். கிளெமென்ட் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“பத்து ஆண்டுகள். படிப்படியாக. ஆறு,” என்றார். “இதைவிடத் தெளிவான ஆவணம் இந்தச் சங்கத்துக்கு வந்ததில்லை. டெல்லிக்காரர்களும் சுற்றி வளைத்துக் கடைசியில் ஐந்து ஆறு என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். நமக்கு ஒரே ஒரு முட்டி.”

ஆறு என்பது வருடத்துக்கு ஆறு சதவீதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்து வருட லாபமும் ரோஸ்மேரியின் முட்டியால் திருத்தப்பட்டது. ஏப்ரல் பத்தாம் தேதி தென்சுடர் எரிசக்தியின் உண்மை மதிப்பு நூற்று நாற்பத்தேழு ரூபாய் என்று தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்குச் சந்தையில் விலை முந்நூற்றுத் தொண்ணூறு. ஆகவே விற்க அனுமதி மறுக்கப்பட்டது.

அதிக விலை கிடைப்பது எனக்கு நல்லதுதானே சார் என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டார். கிளெமென்ட் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். நூற்று நாற்பத்தேழு ரூபாய்ச் சரக்கை முந்நூற்றுத் தொண்ணூறுக்கு இன்னொருவன் தலையில் கட்டுவது ஒரு கத்தோலிக்கருக்கு அழகா என்று கேட்டார். ஸ்தனிஸ்லாஸுக்கு அது சரியென்றே பட்டது. வெட்கமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது ரோஸ்மேரி முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்குறவனுக்கு வலிக்குதுன்னு அவன் வந்து சொன்னானாக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஜமால் ஒரு தகவல் சொன்னார். கிளெமென்ட் சார் வீட்டம்மா பெயரில் இருந்த தென்சுடர் பங்கெல்லாம் ஜனவரியிலேயே நானூற்று எட்டுக்கு விற்றாகிவிட்டது. விற்றுக் கொடுத்ததே ஜமால்தான். கோபப்படத் தெரியாத ஸ்தனிஸ்லாஸுக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. நேரே போய்க் கேட்டேவிட்டார். கிளெமென்ட் கொஞ்சமும் அசரவில்லை. அது தனிமனித பலவீனம் என்றார். தனிமனிதன் தடுமாறலாம், அப்படித் தடுமாறுவான் என்பதால்தான் சங்கம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது, அந்தப் பங்குகள் மட்டும் சங்கத்தின் பெயரில் இருந்திருந்தால் சங்கம் தம்மையும் தடுத்திருக்கும். சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

பிராங்கிளின் கெட்டவர் இல்லை. கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்கத் தட்டி, ஸ்தனிஸ்லாஸுக்கு உதவியாக ஒரு வழி கண்டுபிடித்தார். வீக்கம் ஏற ஏற, பழைய லாபத்தின் இன்றைய மதிப்பு ஏறும். அது ஏறினால் உண்மை மதிப்பும் ஏறும். வீக்கம் முப்பத்தெட்டு ஆனால் மதிப்பு, அன்றைய சந்தை விலையான நானூற்று ஒன்பதுக்கு வந்துவிடும்.

“முப்பத்தெட்டுன்னா இன்னொரு முட்டி அளவு சார்” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“ஆமா. ரெட்டிப்பு ஆகணும்” என்றார் பிராங்கிளின். மலைக்கோட்டைக்குத் தினமும் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கும்படியும் சொன்னார்.

இதை ஸ்தனிஸ்லாஸ் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, வீக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறதா என்று அவர் கண் ஒரு நிமிடம் ஆசையாகப் பார்த்தது. பார்த்துவிட்டோமே என்று எழுந்து போய், யாரும் கேட்காமலே அவளுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று அவள் குடித்துக்கொண்டே யோசித்தாள்.

கோடை போனது, ஆடி போனது. உலகத்தில் எங்கெங்கோ வங்கிகள் கவிழ்ந்தன. தென்சுடர் முந்நூறுக்கு வந்தது, இருநூறுக்கு வந்தது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் கிளெமென்ட் முகத்தில் ஒரு சுற்றுப் பொலிவு ஏறியது. ரோஸ்மேரி ஊன்றுகோல் பிடிக்க ஆரம்பித்தாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜமால் பள்ளிக்கூடத்துக்கே போன் போட்டார். விலை சரியாக நூற்று நாற்பத்தேழு. இப்போது கையெழுத்து வாங்கினால் எழுபத்து மூவாயிரத்து ஐந்நூறு கிடைக்கும், ஆபரேஷனுக்குப் போதும், ஓடுங்கள் என்றார். ஸ்தனிஸ்லாஸ் அரை நாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டு, ஆய்வக உடுப்போடு நாகல் நகருக்கு ஓடினார்.

மாடியில் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். கேசரி வந்திருந்தது. உறுப்பினர்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸைக் கண்டதும் கைதட்டி, மேடை என்று போட்டிருந்த பெஞ்சில் உட்காரவைத்து, ‘பொறுத்த உறுப்பினர்’ என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். கிளெமென்ட் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

“ஏப்ரலில் நாம் சொன்னோம், நூற்று நாற்பத்தேழு என்று. சந்தை சிரித்தது. சந்தை நம்மை மதிக்காமல் முந்நூற்றுத் தொண்ணூறு என்றது. இன்று? மும்பை தன் தவறை உணர்ந்து, நாகல் நகருக்கு நடந்தே வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. சிலர் கேட்கலாம், இந்த ஆறு மாதத்தில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டதே என்று. போகவில்லை, அன்பர்களே. அது அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. அது பொய்ப் பணம். அந்தப் பொய்யிலிருந்து நாம் அவரைக் காப்பாற்றியிருக்கிறோம்.”

ஸ்தனிஸ்லாஸ் கடிகாரத்தைப் பார்த்து மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் நன்றி சொல்ல எழுகிறார் என்று நினைத்துக் கைதட்டி உட்காரவைத்தார்கள். விற்பனைத் தீர்மானம் ‘இதர பொருள்கள்’ என்ற தலைப்பில் கடைசியாக இருந்தது. அதற்கு முன்னால் தலைவருக்கு நன்றி, புத்தகம் அனுப்பிய தலைவரின் மகனுக்கு நன்றி, கேசரி கிண்டியவருக்கு நன்றி. கடைசிப் பொருளுக்கு வந்தபோது மணி நாலு. மூன்றரைக்கே சந்தை மூடிவிட்டது. திங்கட்கிழமை திறந்தபோது விலை நூற்று முப்பத்தொன்று.

இறங்கினால் இறங்கட்டும், நூற்று முப்பத்தொன்றுக்கும் அறுபத்தையாயிரம் வரும், போதும் என்று ஸ்தனிஸ்லாஸ் மன்றாடினார். உண்மை மதிப்புக்கு ஐந்து ரூபாய்க்குக் கீழே அனுமதி இல்லை என்றார் கிளெமென்ட். கூடவே பிராங்கிளின் இன்னொன்றையும் கவனித்துச் சொன்னார்: வீக்கச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், செப்டம்பரோடு காலாவதி. புதிதாக வாங்கி வந்தார் ஸ்தனிஸ்லாஸ். ஊன்றுகோலில் வந்த முட்டி எட்டு காட்டியது. எட்டு என்றதும் உண்மை மதிப்பு நூற்று ஐம்பத்தைந்துக்கு ஏறியது. சந்தை கீழே போய்க்கொண்டிருந்தது, முட்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

விற்க வேண்டுமென்றால் வீக்கம் குறைய வேண்டும். வீக்கம் குறைய வேண்டுமென்றால் ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் விற்க வேண்டும். இதை ஸ்தனிஸ்லாஸ் தன் கையாலேயே ஒரு மனுவில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். மனு மிகத் தெளிவாக இருக்கிறது என்று கிளெமென்ட் பாராட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஸ்தனிஸ்லாஸ் சாப்பிடவில்லை. பத்து மாதமாகத் துண்டு துண்டாகச் சொல்லியும் மறைத்தும் வந்ததை எல்லாம், மலைக்கோட்டை உட்பட, மொத்தமாக மனைவியிடம் கொட்டினார். ரோஸ்மேரி முழுவதையும் கேட்டாள். தன் கால் ஏப்ரலிலிருந்து ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு விலை வைத்துக்கொண்டிருந்தது என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். முதலில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

“நாளைக்கி நானும் வாரேன்” என்றாள்.

ஜமால் காலையில் சொன்ன விலை நூற்று இருபத்து நான்கு. சைக்கிள் கடைப் பக்கவாட்டில் ஏறும் அந்தப் படிக்கட்டு ஒருவர் மட்டும் போகும் அகலம். ரோஸ்மேரி ஒரு கையால் சுவரையும் மறு கையால், ஊன்றுகோலோடு முன்னால் ஏறிய கணவர் தோளையும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினாள். மேலே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. பொம்மையன் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

அளவில் தப்பு இருக்கிறது, குழுவே நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். துணைவிதி பதினாறில் நேரடி ஆய்வுக்கு இடம் இருந்தது. பிராங்கிளின் ஒரு தையல் டேப்பை எடுத்து வந்து, எட்ட நின்று நீட்டினார். ரோஸ்மேரி வாங்கி, சேலைக்கு மேலாகவே வலது முட்டியைச் சுற்றிக் காட்டினாள். முப்பத்தெட்டு.

சான்றில் இடது முட்டி என்று இருப்பதாக பிராங்கிளின் இழுத்தார்.

“எதுக்க உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு இடப்பக்கம் எது? இதுதான?” என்றாள் ரோஸ்மேரி.

பிராங்கிளின் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். கிளெமென்டும் தூக்கிப் பார்த்தார். ஆமாம், அவர்கள் இடப்பக்கத்தில் இருந்தது அந்த முட்டிதான். ஆய்வு செய்பவரின் இடதே இடது என்று கிளெமென்ட் தீர்ப்புச் சொன்னார். முப்பத்தெட்டில் முப்பத்தெட்டைக் கழித்தால் வீக்கம் பூஜ்யம். நாட்டில் வேறெங்கும் இல்லாதபடி நித்திய உதவிச் சங்கத்தில் மட்டும் வீக்கம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று அவர் எழுந்து நின்று அறிவித்தார். வீக்கமே இல்லாத சராசரியைப் பதினைந்தால் பெருக்க, உண்மை மதிப்பு நூற்று இருபத்தாறு வந்தது. சந்தை விலைக்கும் அதற்கும் இரண்டே ரூபாய் வித்தியாசம். அனுமதி கொடுத்தாயிற்று, ஜமாலுக்குப் போன் போட்டாயிற்று, ஐந்நூறும் விற்றாயிற்று. வரும் தொகையை எதிர்பார்த்துச் சங்கமே முன்பணம் தரலாம் என்ற விதியும் இருந்தது. அறுபத்திரண்டாயிரம். ஸ்தனிஸ்லாஸ் கண்ணை மூடி ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொன்னார்.

அப்போது கிளெமென்ட் துணைவிதி பதினேழைத் திறந்தார்.

“ஒரு நாள் விலையை நம்பாத சங்கம், ஒரே நாளில் பணம் கொடுத்தால் அது கொள்கைக்கு முரண். பத்து வருட லாபத்தில் கண்ட மதிப்பைப் பத்து வருடத்தில் கொடுப்பதே முறை. மாதம் ஐந்நூற்றுப் பதினாறு ரூபாய் அறுபத்தேழு காசு. வாழ்த்துகள்.”

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து வெளியே போய், மனைவியை இறக்கப் படிக்கட்டில் கீழே நின்றுகொண்டார். ரோஸ்மேரி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேலிருந்து இரண்டு படி இறங்கினாள். அடுத்த படியில் குறுக்காக உட்கார்ந்து, கெட்ட காலைச் சுவரோரம் நீட்டிக்கொண்டாள். இனி அந்தப் படிக்கட்டில் பூனை போகவும் இடமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஏன் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று பிராங்கிளின் வந்து கேட்டார்.

“மொத்தம் இருவது படி. பத்து வருசச் சராசரி போட்டா வருசத்துக்கு ரெண்டு. இந்த வருசத்துக்கு உள்ளத எறங்கிட்டேன் சார். மிச்சத்த அடுத்த வருசம் எறங்குறேன்.”

மணி மூன்றரை. கிளெமென்ட் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை, சர்க்கரைக்காரர். பிராங்கிளின் வீடு சிறுமலையில். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் மலைக்குப் போக வேறு வழி இல்லை. கிளெமென்ட் வாசலில் நின்று, ஒரு நாள் அவசரத்துக்கு ஆட்படுவது மனித குலத்தின் ஆதிப் பலவீனம் என்று பேச ஆரம்பித்தார். அவசரமே இல்லை சார், மெதுவாகப் பேசுங்கள் என்றாள் ரோஸ்மேரி. பொம்மையன் உள்ளேயிருந்து ஒரு தலையணை கொண்டுவந்து அவள் முதுகுக்குக் கொடுத்தார்.

நாலரைக்குக் குழு அவசரமாகக் கூடியது. ஒரே தொகையின் சராசரியும் அதே தொகைதான் என்றும், ஆகவே மொத்தத்தையும் ஒரே தவணையில் கொடுப்பதும் சராசரியே என்றும் தீர்மானித்தது. காசோலை எழுதி, இரண்டு கையெழுத்தும் போட்டு, படிக்கட்டுக்கு மேலிருந்து நீட்டினார்கள். ரோஸ்மேரி அதை வாங்கி, எட்டப் பிடித்துப் படித்து, திருப்பிக் கொடுத்தாள். பிராங்கிளின் கைப்பழக்கத்தில் 2018 என்று தேதி போட்டிருந்தார். திருத்திக் கொடுத்த பிறகுதான் அவள் கணவரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

ஸ்தனிஸ்லாஸ் முன்னால் நின்று, அவள் இரண்டு கையையும் தன் தோளில் வாங்கிக்கொண்டு பின்னோக்கி இறங்கினார். ஒரு படி, நிற்க. இன்னொரு படி, நிற்க. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் கிளெமென்ட், அவர் பின்னால் பிராங்கிளின், கடைசியில் சாவிக்கொத்தோடு பொம்மையன். பாதியில் அவள் மூச்சு வாங்க நின்றபோது சங்கமும் நின்றது. சிறுமலை பஸ் ஹாரன் அடித்துப் போவது எல்லோர் காதிலும் விழுந்தது.

“மெதுவா வாங்கம்மா” என்றார் கிளெமென்ட். இந்தப் பத்து மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை அது என்று ஸ்தனிஸ்லாஸுக்குப் பட்டது.

ரோஸ்மேரி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த படிக்குக் காலை இறக்கினாள்.